நாற்காலி ஓரிடம், கணினி வேறிடம்

போன தை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், கும்பகோணத்தில் என் எழுத்து மேஜையின் முன் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேஜைமேல் ஒருவரும் தொடாமல் கிடந்த மவுஸுக்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாததுபோல, திரையிலிருந்த அம்புக்குறி தானாகவே புறப்பட்டு, இடது மூலைக்குச் சென்று, ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் எதையோ தேடத் தொடங்கியது. அதை நகர்த்தியவன் ஹைதராபாதில் இருக்கும் என் தமக்கை மகன். பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் பல வருஷங்களாக நான் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்த நூற்றுச் சொச்சம் கட்டுரைகள், கணினியைப் புதுப்பித்த மறுநாள் முதல் ஆங்கில எழுத்துக்களும் ஐரோப்பியக் குறிகளும் விரவிய அர்த்தமற்ற வரிகளாகக் காட்சியளிக்கவே, தொலைபேசியில் அவனிடம் முறையிட்டிருந்தேன். சிறு மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னான், அது காட்டிய ஒன்பது இலக்க எண்ணை வாசிக்கச் சொன்னான், வாசித்தேன். வாசித்த சிறிது நேரத்தில், திரையின் பின்னணியில் நான் வைத்திருந்த மகாமகக் குளத்தின் படம் மறைந்து, அவ்விடம் முழுதும் கருமையாயிற்று.

"என்னடா இது, குளத்தையே காணோமே?" என்றேன்.

"அது தானா திரும்பி வரும் மாமா. நீங்க கொஞ்ச நேரம் மவுஸ்ல கைய வைக்காம இருங்க, போதும்."

அவன் போதும் என்று சொன்ன அந்தக் காரியம் எனக்கு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. இரண்டு முறை பழக்கதோஷத்தால் என் கை தானே மவுஸை நாட, எங்கள் இருவர் இழுப்புக்கும் நடுவே அகப்பட்ட அம்புக்குறி, இரு தாய்மார் அழைக்கும் குழந்தைபோலத் திரையின் மத்தியில் நின்று நடுங்கியது. 'இது யாருடைய கணினி?' என்ற கேள்வி எனக்குள் முதன் முதலாக எழுந்தது அப்போதுதான்.

தூரத்திலிருக்கும் கணினியைத் தன் முன்னிருப்பதாகவே பாவித்துப் பார்த்து இயக்கும் இந்த வித்தைக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று உலகம் பொதுப்பெயர் இட்டிருக்கிறது. தமிழில் இதனைப் பற்றிப் பேசுவோருக்குக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்னும் உவமை உடனே நாவில் வந்து நிற்பது இயல்பே. உவமை நல்லதுதான், ஆனால் விஷயத்தின் பாதிக்குத்தான் பொருந்தும். சாத்தனூர் இடையனான மூலன் மாண்டு கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுவதைப் பொறாத யோகியார் அவனுடலில் புகுந்து திருமூலர் ஆனார் என்பது எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே உரிய கதை. அங்கே புகப்பட்ட உடல் காலியாக இருந்தது. மாறாக, எல்லைக் கோயிலில் உடுக்கை முழங்க ஒருவர்மேல் சாமி வந்து இறங்கும்போது, உடல் காலியாவதில்லை. உடையவரும் உள்ளே இருக்கிறார், வந்தவரும் உள்ளே இருக்கிறார், கால் ஒருவருடையதாகவும் குரல் மற்றவருடையதாகவும் இருக்கிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஒன்றில், வெளியூரிலிருந்து ஒருவர் நுழைந்த கணத்திலேயே மேஜைமேலுள்ள திரை பூட்டிக்கொண்டுவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் இவ்வகை. மற்றொன்றில், இருவரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள், ஒரே அம்புக்குறியைப் பிடிக்கிறார்கள். எனக்கும் என் மருமகனுக்கும் நடந்தது இது. இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல்தான் பெரும்பாலோர் இச்சாதனத்தின் சௌகரியங்களையும் அபாயங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கணினியும் அதை ஆள்பவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது ஏதோ இயற்கை நியதி போலவும், அதனைச் சமீப காலத்தவர் மீறிவிட்டது போலவும் நாம் நினைக்கிறோம். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. 1940-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி அமெரிக்காவின் ஹானோவர் நகரத்து டார்ட்மத் கல்லூரியில் கணித சங்கத்தார் கூடியிருந்தபோது, பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர் அங்கே ஒரு டெலிடைப் யந்திரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்து, தொலைபேசிக் கம்பியின் மூலம் அதனை நியூயார்க்கில் விட்டு வந்திருந்த தம்முடைய கணக்கிடும் யந்திரத்தோடு இணைத்து, கூடியிருந்தோரைக் கணக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துப் பார்த்தவர்களில் கணிதவியலாளர் நார்பர்ட் வீனரும், பின்னாளில் எனியாக் என்ற மின்னணுக் கணினியைச் சமைத்த இருவரில் ஒருவரான ஜான் மாக்லியும் இருந்தார்கள். மின்னணுக் கணினி என்ற ஒன்று உருவாவதற்கு முன்னரே, நாற்காலி ஓரிடமும் யந்திரம் வேறிடமுமாகப் பிரிந்தாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கையில், கணினியை வீட்டு மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்ட பிற்காலத்து ஏற்பாடுதான் விதிவிலக்கோ என்று தோன்றுகிறது.

அறுபதுகளில் கணினி ஓர் அறை கொள்ளும் அளவும் ஒரு சமஸ்தானம் தாங்கும் விலையும் கொண்டதாக இருந்தபடியால், அதனைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர் 1961-இல் காட்டிய நேரப்பங்கீட்டு முறையில், யந்திரம் கணத்துக்குக் கணம் ஒருவரை விட்டு ஒருவருக்கு வேலை செய்ய, ஒவ்வொருவரும் அது தமக்கே உரியது என்ற மயக்கத்தில் இருந்தார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் பார்த்துவிடாமல் இருக்கும்பொருட்டுக் கடவுச்சொல் என்ற ஏற்பாட்டையும் அங்கேதான் செய்தார்கள். தனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962-இலேயே எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். பூட்டுக்கும் களவுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

இந்த வரிசையில் நான் மிகவும் விரும்பி நினைப்பது 1968 டிசம்பர் 9-ஆம் தேதி ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திக் காட்டிய தொண்ணூறு நிமிஷ நிகழ்ச்சியை. மவுஸ் என்ற கருவியைப் பொதுமக்கள் முதன் முதலாகக் கண்ட சபை அது என்பதைப் பலரும் அறிவார்கள். அவர் மேடையில் நகர்த்திய மவுஸ் ஆட்டிவைத்த கணினி அந்த மண்டபத்தில் இல்லை, சுமார் 48 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆக, உலகத்தார் முன்னிலையில் மவுஸ் செய்த முதல் வேலையே தொலைவேலைதான். அடுத்த வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணினியிலிருந்து அதே மென்லோ பார்க் கணினிக்குள் நுழைய முயன்ற சார்லி க்ளைன் என்ற மாணவர், லாகின் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்களைத் தட்டி முடித்து மூன்றாவதைத் தட்டியபோது எதிர்ப்புறக் கணினி விழுந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் முயன்று வெற்றி கண்டார்கள். இன்றைய இன்டர்நெட்டுக்கு மூலமான வலையில் போன முதல் செய்தி, வாழ்த்தும் அன்று, கடிதமும் அன்று. இன்னொருவர் யந்திரத்துக்குள் நுழைய அனுமதி கேட்ட ஒரு சொல்லின் முன்பாதி.

எண்பதுகளில் கணினி சிறுத்து மலிந்து வீட்டுக்கு வந்தபோது, தொலைவிலிருந்து ஆளவேண்டிய அவசியம் சிறிது காலம் மறக்கப்பட்டது; பிறகு வேறு முகத்தோடு திரும்பி வந்தது. பழைய டெலிடைப்பில் எழுத்து மட்டும் போய்வந்தால் போதும். இப்போதோ படமும் பட்டியலும் ஜன்னலுமாகத் திரை முழுதும் சித்திரமாகிவிட்டபடியால், சித்திரத்தையே ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டியதாயிற்று. 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ முறை இதற்கு ஒரு வழி சொல்லிற்று. ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய எட் இயாகோபூச்சி 1989-இல் தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனம், ஒரே விண்டோஸ் யந்திரத்தைப் பலர் பயன்படுத்தும் சத்திரமாக்கிக் காட்ட, அந்த நுட்பத்தை மைக்ரோஸாஃப்ட் 1997-இல் உரிமம் பெற்று, மறு வருஷம் தன் பெயரிலேயே வெளியிட்டது. 2001-இல் வந்த எக்ஸ்.பி.யின் தொழில்முறைப் பதிப்பில் அது சாமானியர் மேஜைக்கும் இறங்கிவிட்டது.

இவற்றுக்கு எதிர்த்திசையிலிருந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் ட்ரிஸ்டன் ரிச்சர்ட்ஸன், குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், ஆண்டி ஹாப்பர் முதலியோர் வி.என்.சி. என்ற தொலைத்திரை மென்பொருளை ஆக்கி, 1998-இல் மூலநிரலோடு எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார்கள். அந்தக் கூடத்தைப் பின்னர் வாங்கிய ஏ.டி. அண்ட் டி. 2002-இல் அதனை இழுத்து மூடியும், அவர்கள் திறந்துவிட்ட பொருளை மூட முடியவில்லை. இவர்களில் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் 1991-இல் செய்த வேறொரு காரியம் காபிப் பிரியர்களின் நினைவில் இருக்கத் தக்கது: பல்கலைக்கழகத்துக் கணினித் துறையில் மாடிப்படி ஏறி வந்து பார்த்தால் காபிக் கூஜா காலியாக இருக்கும் துன்பத்தைத் தீர்க்க, கூஜாவின் முன் ஒரு காமெராவை நிறுத்தி, அந்தப் படம் எல்லார் திரையிலும் தெரியும்படி செய்தவர்களில் அவர் ஒருவர். தூரத்துப் பொருளைப் பார்க்கத் துடிப்பவருக்கு அடுத்தபடியாக அதைத் தொடவும் ஆசை பிறக்கும் என்பதற்கு இவரே சாட்சி. கும்பகோணத்துக்காரனாகிய எனக்கு, அந்தக் கூஜாவிலிருந்த திரவத்தைக் காபி என்று ஒப்புக்கொள்வதில் மட்டும் சிறிது தயக்கம் உண்டு.

திரையை ஊர் கடத்துவது எவ்வளவு பெரிய சுமை என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சாதாரணமான ஒரு திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட் வேண்டும். ஆகவே ஒரே ஒரு திரைக்காட்சிக்கு 62 லட்சம் பைட். அசைவு தொடர்ச்சியாகத் தெரிய விநாடிக்கு முப்பது காட்சி அனுப்புவதானால், நம் வீடுகளில் நூறு மெகாபிட் என்று விற்கப்படும் இணைப்பைப் போல் பதினைந்து இணைப்புக்கள் கூடினால்தான் தாங்கும். இதனை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு மார்கழி மாதத்து வாசலே நல்ல திருஷ்டாந்தம். அடுத்த தெருவிலிருக்கும் தங்கைக்கு ஒரு கோலத்தைத் தெரிவிக்க விரும்பும் அக்காள், அதைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். அல்லது 'நேர்ப்புள்ளி, பதினைந்துக்கு பதினைந்து, நடுவில் தாமரை' என்று வாயால் சொல்லிவிடலாம். விண்டோஸின் முறை ஆதியில் இரண்டாவதைச் சார்ந்தது: இன்ன இடத்தில் கட்டம் போடு, இன்ன எழுத்தை எழுது என்று கட்டளைகளை அனுப்பி, வரையும் வேலையை எதிர்ப்புறத்திடம் விட்டது. வி.என்.சி. போட்டோ அனுப்பும் வகை. ஆயினும் முழுப் போட்டோவையும் ஒவ்வொரு முறையும் அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவதும், ஒரு பக்கம் மேலே நகர்ந்தால் 'உன்னிடம் ஏற்கனவே உள்ள இந்தத் துண்டை அங்கே நகர்த்திக்கொள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதும் அதன் சாமர்த்தியம். இன்று இரு சாராருமே வீடியோவைச் சுருக்கும் முறைகளைக் கைக்கொண்டு ஒருவரை ஒருவர் நெருங்கி வந்துவிட்டார்கள்.

என் மகாமகக் குளம் மறைந்த ரகசியமும் இதுதான். பதினாறு மண்டபங்களும் படிக்கட்டுகளும் நீரின் அலையுமாக ஆயிரம் நிறங்கள் கொண்ட ஒரு படத்தை ஹைதராபாதுக்குத் துண்டு துண்டாக அனுப்புவதைவிட, 'இங்கிருந்து இதுவரை கறுப்பு' என்று சொல்வது எவ்வளவோ சிக்கனம் என்பதால், அந்த மென்பொருள் நுழைந்தவுடன் பின்னணிப் படத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது.

சுமையைக் குறைத்தாலும் தூரத்தைக் குறைக்க முடிவதில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்க்கோட்டிலேயே பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், இங்கே நகர்ந்த மவுஸின் செய்தி அங்கே போய், அங்கே நகர்ந்த அம்பின் படம் இங்கே திரும்ப, எத்தனை பணம் செலவிட்டாலும் விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாது. கடலடிக் கம்பி சுற்றிச் செல்லும் வழியைக் கணக்கிட்டால் அதைவிட அதிகமே ஆகும். கடிதம் எழுதுகிறவருக்கு இது ஒரு பொருட்டன்று. கோடு வரைகிறவருக்கோ, தம் கையைத் தாமே பின்தொடர்ந்து ஓடுவது போன்ற ஒரு சிரமம் உண்டாகும்.

இனி வழி. உலகத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி இருந்தால் நேரே போய்க் கதவைத் தட்டலாம். இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையில் மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகளே உண்டாகையால், வீட்டுக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல், தெருவுக்கே ஒன்று என்ற நிலை ஏற்பட்டு, நம் கணினிகளெல்லாம் ரவுட்டர் என்னும் திண்ணைக்கு உள்ளே, வெளியார் அறியாத செல்லப்பெயர்களோடு வாழ்கின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வரத்தான் வழி தெரியாது. 2005-இல் ஜெர்மனியில் தோன்றிய டீம்வியூவரும், அதன் பின் வந்த எனிடெஸ்க் முதலியவையும், கூகுளின் க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்பும் இச்சிக்கலை அவிழ்த்த விதம், நம் ஊர்க் கல்யாணத் தரகர் செய்வதை ஒத்திருக்கிறது. இரு வீட்டாரும் தாமே புறப்பட்டு வந்து தரகரிடம் பதிந்து வைக்கிறார்கள். எண்ணைச் சொன்னதும் அவர் இன்னாருக்கு இன்னார் என்று அறிமுகப்படுத்துகிறார். நேரில் பேசிக்கொள்ள வழி இருந்தால் விலகிக்கொள்கிறார், இல்லையேல் ஒவ்வொரு வார்த்தையையும் தாமே சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிறார். நான் வாசித்த ஒன்பது இலக்கம் அத்தகைய பதிவு எண்தான். இந்தச் சௌகரியத்துக்கு ஈடாக நாம் ஒரு மூன்றாமவரை நம்புகிறோம் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். அதை விரும்பாத அலுவலகங்கள் வி.பி.என். என்ற சுரங்கத்தை வெட்டி அதன் வழியே தம் ஊழியரை உள்ளே விடுகின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மத்திய அரசு தொலைத்தொடர்பு விதிகளைத் தளர்த்தியதும், சென்னை ராஜீவ் காந்தி சாலைக் கட்டடங்களில் இருந்தவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது பெரும்பாலும் இவ்விதமான சுரங்க வழிகளில்தான்.

தூங்குகிற கணினிக்குள் நுழைவது எப்படி என்ற கேள்விக்கு உள்ள விடை, வேடிக்கையாக இருப்பதால் சொல்லி வைக்கிறேன். கணினி அணைந்திருந்தாலும், மின்சாரம் மட்டும் இருந்தால், அதன் வலைச் சில்லு ஒரு காதைத் திறந்து வைத்திருக்கும்படி செய்யலாம். முதலில் 255 என்ற எண்ணை ஆறு தடவை சொல்லி, பிறகு அந்தக் கணினியின் வன்பொருள் முகவரியைப் பதினாறு முறை இடைவிடாமல் உச்சரித்தால், அது எழுந்து உட்காரும். கும்பகர்ணனுக்குக்கூட இவ்வளவு வரையறுத்த மந்திரம் கிடையாது. நம் பக்கத்தில் மின்சாரம் போய்விட்டால் மந்திரம் பலிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அபாயங்களுக்கு வருவோம்; நான் மேலே செய்த பேதம் இங்கேதான் பயன்படும். காலிக்கூட்டில் புகும் வகைக்கு உள்ள கேடு, கூட்டுக்கு உடையவன் இல்லாத நேரம் பார்த்து வேறொருவன் புகுவது. டெல்நெட் என்ற ஆதிமுறையில் கடவுச்சொல் மூடாத போஸ்ட்கார்டில் எழுதியதுபோல வழியில் எல்லார் கண்ணிலும் படும்படி போயிற்று. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ இப்படிக் கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போன பின்னர்தான், அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு யூலனென் 1995-இல் எஸ்.எஸ்.எச். என்ற மூடிய முறையை எழுதினார். போர்ட் என்னும் எண்ணிட்ட வாசல்களில், கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு உரிய 21-ஆம் வாசலுக்கும் டெல்நெட்டுக்கு உரிய 23-ஆம் வாசலுக்கும் நடுவே காலியாக இருந்த 22-ஆம் எண்ணை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் எண் 3389. அதனை இன்டர்நெட்டை நோக்கித் திறந்து வைத்துவிட்டு ஒரு குமாஸ்தாவின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் கடவுச்சொல்லாக இட்டிருக்கும் அலுவலகத்துக்குத் திருடர்கள் தேடி வரவேண்டியதே இல்லை. இரவும் பகலும் உலகத்து வாசல்களையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும் நிரல்கள் தாமே வந்து சேரும். உள்ளே புகுந்து, கோப்புக்களையெல்லாம் பூட்டி, திறக்கப் பணம் கேட்கும் ரான்ஸம்வேர் கூட்டத்தாருக்கு இது ராஜபாட்டை. கடவுச்சொல்லே வேண்டாத புளூகீப் என்ற ஓட்டை 2019 மே மாதத்தில் வெளிப்பட்டபோது, ஐந்து வருஷங்களுக்கு முன்பே தான் கைகழுவிவிட்ட எக்ஸ்.பி.க்குங்கூட மைக்ரோஸாஃப்ட் ஒட்டுப் போட்டுக் கொடுத்தது என்றால் அபாயத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இவ்வகைக் கேடு எல்லாம் பூட்டைப் பற்றியது. நல்ல பூட்டு உண்டு: வாசலை வெளியே திறவாமல் சுரங்கத்துக்குள் வைப்பது, கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் இரண்டாவது சான்றையும் கேட்பது, பலமுறை தவறாகத் தட்டியவனை விலக்கி வைப்பது. இவற்றைச் செய்து முடித்த நிர்வாகி நிம்மதியாக உறங்கலாம்.

இரண்டாவது வகையில் பூட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்தவனை வீட்டுக்காரரே அழைத்திருக்கிறார். வங்கியிலிருந்து பேசுவதாகவும், கணக்கு முடக்கப்படப் போவதாகவும், மின்கட்டணம் பாக்கி என்றும், கணினியில் வைரஸ் என்றும் சொல்லித் தொடங்கும் ஒரு குரல், மிகுந்த மரியாதையோடு ஒரு செயலியை இறக்கச் சொல்கிறது, அது காட்டும் எண்ணை வாசிக்கச் சொல்கிறது. என் மருமகன் என்னிடம் சொன்னது எதுவோ, அதுவேதான், வார்த்தைக்கு வார்த்தை. அதன் பிறகு ஓ.டி.பி. வந்தால் அது திரையில் அவர்கள் கண்ணெதிரே வந்து நிற்கிறது. நாம் வாய் திறந்து சொல்லவும் வேண்டியதில்லை. ரிஸர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஆயினும் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவர் சென்ற வருஷம் இரண்டு லட்சம் ரூபாயை இழந்தார். படித்தவர், நிதானமானவர், இத்தனைக்கும் முப்பது வருஷம் தணிக்கைத் துறையில் இருந்தவர். "திரையில எல்லாம் என் கண் முன்னாடிதான் சார் நடந்தது. ஏதோ சரி பண்றாங்கன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. வேடிக்கை பார்த்தார் என்று அவரைக் குறை கூறுவது நியாயமன்று. மவுஸில் கையை வைக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் நானுந்தான் வைக்காமல் இருந்தேன். அந்நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றே: யோசனை செய்யாமல் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்குவது, அல்லது ரவுட்டரின் சுவிட்சை அணைப்பது, பிறகு வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிப்பது. திரையில் உள்ள பெருக்கல் குறியைத் தேடி அம்போடு மல்லுக்கட்டுவது வீண் வேலை, ஏனெனில் அம்பு அவர்கள் கையிலும் இருக்கிறது.

இதற்கு மென்பொருள் செய்வோர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். புதிய எண் நுழையும்போது எச்சரிக்கைகளைக் காட்டுகிறார்கள். சில வங்கிச் செயலிகள் திரை பகிரப்படுவதை மோப்பம் பிடித்துத் தம்மை மூடிக்கொள்கின்றன. இருந்தும் இவையெல்லாம் அழைத்தவருடைய சம்மதம் என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. அழைப்பவர் ஏமாந்தவரா தெளிந்தவரா என்பதைக் காட்டும் குறி இன்னும் எந்தத் திரையிலும் இல்லை.

அம்பை நகர்த்தும் கை எவருடையது என்பதையே பின்னால் நிச்சயிக்க முடியாமற் போவதும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் ஓல்ட்ஸ்மர் என்ற சிற்றூரின் குடிநீர் நிலையத்தில் 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி, பணியிலிருந்தவர் கண்ணெதிரே அம்புக்குறி தானே நகர்ந்து, தண்ணீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்ஸைடின் அளவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்பதிலிருந்து 11,100 பங்காக உயர்த்திவிட்டது என்றும், அவர் உடனே அதைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டார் என்றும் அந்த மாவட்டத்து ஷெரிஃப் அறிவிக்க, உலகமே திடுக்கிட்டது. கணினியுலகக் கருத்தரங்குகளில் அதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. இரண்டு வருஷங்கள் கழித்து அந்நகரின் முன்னாள் நிர்வாகி, வெளியார் எவரும் நுழைந்திருக்கவில்லை, அங்கிருந்த ஊழியரின் கையே தவறியிருக்கக்கூடும் என்று கூறினார். எந்த ஒன்று உண்மையாயினும், ஒரே அம்பைப் பல கைகள் பிடிக்கலாம் என்ற ஏற்பாட்டில், தன் கை செய்ததைக்கூடத் தனக்கு வெளியே ஒருவன் செய்ததாக ஊரே நம்பிவிட இடமிருக்கிறது. சாமி வந்தவர் மறுநாள் காலையில் தமக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொல்வதை ஊர் ஒப்புக்கொள்வதுபோல, கணினி விஷயத்தில் எந்த நியாயஸ்தலமும் ஒப்புக்கொள்ளாது. யார், எங்கிருந்து, எந்த நிமிஷத்தில் நுழைந்து, என்ன செய்தார் என்ற குறிப்பேடு இருவகைச் சாதனங்களிலும் உண்டு. அலுவலகங்களிலாவது அதை ஒழுங்காக எழுதவிட்டு, வாரம் ஒரு முறை ஒருவர் படித்துப் பார்ப்பது, விலையுயர்ந்த பல காவல்களைவிட மேலானது என்று நான் கருதுகிறேன். வீட்டில் அதை யார் படிக்கப் போகிறார்கள்?

என் எழுத்துருக் காரியம் முக்கால் மணியில் முடிந்தது. தேடிக்கொண்டு போகும்போது, ஒரு கோப்புறையில் 'அக்காவுக்கு' என்று நான் பெயரிட்டு, எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தின் மேல் அம்பு வந்து நின்றது. அவனுடைய தாயாருக்கு, பெரும்பாலும் அவனைப் பற்றி, ஒரு கோபமான நாளில் எழுதியது. இரண்டு மூன்று விநாடி அம்பு அங்கேயே இருந்தது. படித்தானா, தயங்கினானா, அல்லது வழியில் இணைப்பு சற்றே தேங்கிற்றா என்பது அம்பின் முகத்தில் எப்படித் தெரியும்? பின்னர் அது நகர்ந்து, கீழே உள்ள கட்டுரை ஒன்றைத் திறந்தது. தமிழ் தமிழாகவே தெரிந்தது.

"சரியாயிடுச்சு மாமா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறினான். கறுப்புத் திரை ஒரு முறை சிமிட்ட, பதினாறு மண்டபங்களோடும் மகாமகக் குளம் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. நான் மவுஸில் கையை வைத்து, அந்தக் கடிதத்தை வேறு கோப்புறைக்கு மாற்றினேன்.